இல்லை, காணவில்லை: மனித உடலுக்குள் நெகிழியை அளந்த வரலாறு

(நீண்ட பதிவு. முழுமையாக வாசித்துவிட்டுக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.)

ஓர் ஆய்வகம் ஒருவரின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, குறிப்பிட்ட வேதிப்பொருள் "கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை தருகிறது. அவ்வறிக்கை நாளிதழுக்கும் அரசாணைக்கும் வந்து சேரும்போது, அந்தச் சொல் பெரும்பாலும் "இல்லை" என்று சுருங்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு தமிழ் பேசும் சிறு குழந்தைக்கும் தெரியும். வீட்டில் சாவியைத் தேடுபவர் "சாவியைக் காணவில்லை" என்பார். "சாவி இல்லை" என்பது வேறு செய்தி. முன்னது தேடியவரின் கண்ணைப் பற்றிய கூற்று. பின்னது சாவியைப் பற்றிய கூற்று.

நெகிழிகளிலிருந்து கசிந்து, நம் உடலின் ஹார்மோன்களைப் போல நடிக்கும் வேதிப்பொருள்களை மனித உடலுக்குள் அளக்க முயன்ற அரை நூற்றாண்டு வரலாறு, பெரும்பகுதி இவ்விரு சொற்களும் இடம் மாறிப்போன வரலாறே. மொழியியல் பயின்றுவிட்டு அறிவியல் சொற்களின் வரலாற்றை ஆராய்பவர் என்ற வகையில் இதனுள் நுழைந்தேன். சொல்லைத் தேடிப் போன இடத்தில், சோதனைக் குழாய், ரத்தப் பை, எலிக்கூண்டு ஆகியவற்றின் கதைகள் கிடைத்தன. அவற்றை இயன்றவரை வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

1. நெகிழியாவதற்கு முன்

பிஸ்பினால் ஏ என்னும் பொருளை 1891 இல் உருவாக்கியவர் ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாந்தர் தியானின். அப்பொழுது அதற்கு எந்தப் பயனும் இல்லை. 1930களில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் சார்லஸ் டாட்ஸ் என்பவர், இயற்கையான பெண் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனுக்கு மலிவான செயற்கை மாற்று ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அவரும் வில்ஃப்ரிட் லாசனும் 1936 இல் வெளியிட்ட ஆய்வில் பிஸ்பினால் ஏ இடம்பெற்றது. சூலகம் அகற்றப்பட்ட எலிகளுக்கு அதனைச் செலுத்தியபோது, ஈஸ்ட்ரோஜன் செலுத்தினால் நிகழும் அதே மாற்றங்கள் அவற்றின் உடலில் நிகழ்ந்தன.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிஸ்பினால் ஏ ஒரு ஹார்மோன் போலச் செயல்படும் என்பது அது நெகிழியாவதற்கு முன்பே தெரிந்திருந்தது. பின்னாளில் எவரோ திடுமெனக் கண்டுபிடித்த பக்கவிளைவு என்று இதனைச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

டாட்ஸ் அதனை மருந்தாக்கவில்லை. 1938 இல் அதைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற பொருளை அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில், அமெரிக்காவில் மட்டும் பல லட்சம் கருவுற்ற பெண்களுக்கு அது கொடுக்கப்பட்டது. 1971 இல் பாஸ்டன் நகர மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் அவருடைய சகாக்களும், பிறப்புறுப்பில் மிக அரிதான புற்றுநோய் கண்ட 8 இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களுள் 7 பேரின் தாய்மார்கள் கருவுற்றிருந்த காலத்தில் அந்த மருந்தை உட்கொண்டவர்கள். தாய் உண்ட பொருள், தாயை விட்டுவிட்டு, இருபது ஆண்டுகளுக்குப் பின் மகளிடம் வந்து நின்றது. மகளின் உடலில் அப்பொழுது அந்த மருந்தின் ஒரு துளியும் மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. அளவிடுவோர் மறக்கக் கூடாத முதற்பாடம் இது: பொருள் போய்விட்ட பின்னும் அதன் விளைவு தங்கியிருக்கலாம். ஆகவே எதை அளக்கிறோம் என்பது போலவே, எப்பொழுது அளக்கிறோம் என்பதும் முதன்மையானது.

மருந்தாகாத பிஸ்பினால் ஏ, 1953 இல் வேறு வேலைக்குப் போயிற்று. ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸ் ஆகிய இருவரும் தனித்தனியே பாலிகார்பனேட் என்னும் கண்ணாடி போன்ற உறுதியான நெகிழியை உருவாக்கினார்கள். அதன் அடிப்படைப் பொருள் பிஸ்பினால் ஏ. உணவு டப்பாக்களின் உட்புறம் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசப்படும் எபாக்சிப் பூச்சிலும் அதுவே இருந்தது. மருத்துவ நூலில் ஹார்மோனாகவும் பொறியியல் நூலில் மூலப்பொருளாகவும் ஒரே பொருள் இரு வாழ்க்கை வாழத் தொடங்கியது. இரண்டு நூலையும் ஒருசேர வாசித்தவர்கள் குறைவு.

2. பால்டிமோர், 1970

உடலுக்குள் நெகிழியின் சேர்மத்தை முதலில் தெளிவாகக் கண்டவர்கள் அதனைத் தேடிப் போனவர்கள் அல்லர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஜேகர், ராபர்ட் ரூபின் ஆகிய இருவரும் உடலிலிருந்து பிரித்தெடுத்த எலியின் கல்லீரலுக்குள் ரத்தத்தைச் செலுத்திச் சோதனை செய்துவந்தனர். அவர்கள் செலுத்தாத ஒரு பொருள் அந்தத் திரவத்தில் தென்பட்டது. தேடிப் பார்த்தபோது, அது ரத்தத்தைக் கொண்டுசென்ற பிவிசி குழாயிலிருந்து கசிந்த தாலேட் என்று தெரியவந்தது.

பிவிசி இயல்பில் விறைப்பான பொருள். அதனை வளைந்துகொடுக்கச் செய்ய, தாலேட் எனப்படும் எண்ணெய் போன்ற நெகிழ்விப்பான்கள் சேர்க்கப்படுகின்றன. ரத்தப் பை போன்ற மென்மையான பொருள்களில் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவாக இருக்கும். நெகிழியின் மூலக்கூறுகளோடு இது வேதிப்பிணைப்பால் கட்டப்படுவதில்லை. இடுக்குகளில் தங்கியிருக்கிறது, அவ்வளவே. கொழுப்புள்ள திரவம் தொட்டால் அதனுள் இறங்கிவிடும். ரத்தம் கொழுப்புள்ள திரவம்.

அவர்கள் அடுத்து எழுப்பிய வினா இயல்பானது: எலியின் கல்லீரலுக்கு வந்த பொருள், மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் மனிதருக்கு வராதா? பிவிசி பைகளில் சேமித்த ரத்தத்தைச் சோதித்தார்கள். சேமிக்கும் நாள் கூடக் கூட டிஇஎச்பி என்னும் தாலேட்டின் அளவும் கூடியது. அத்தகைய ரத்தம் ஏற்றப்பட்டு, பின்னர் இறந்தவர்களின் திசுக்களிலும் அது காணப்பட்டது. 1970 இலும் 1972 இலும் இவை வெளியாயின. மனிதத் திசுவில் நெகிழியின் சேர்மத்தைச் சுட்டிக்காட்டிய தொடக்ககால அளவீடுகள் இவை.

உடனே ரத்தப் பையைத் தூக்கியெறிய வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் வரலாறு சிக்கலாகிறது. 1950 வாக்கில் பாஸ்டனில் கார்ல் வால்ட்டர் உருவாக்கிய நெகிழிப் பை வருமுன், ரத்தம் கண்ணாடிப் புட்டிகளில் சேமிக்கப்பட்டது. புட்டிகள் உடையும், ரத்தத்தின் கூறுகளைத் தனித்தனியே பிரிப்பது கடினம். பை வந்த பின்னரே ஒருவர் கொடுத்த ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு எனப் பிரித்துப் பலருக்கு வழங்குவது எளிதாயிற்று. நம் நாட்டிலும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1980களில் ரத்தப் பைத் தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே உருவாக்கியது பெருஞ்சாதனையாகவே போற்றப்பட்டது, அப்போற்றுதல் தகுதியானதே. அது மட்டுமன்றி, டிஇஎச்பி சிவப்பணுக்களின் சவ்வை உறுதியாக்கி, அவை சேமிப்பில் உடைந்துபோவதைக் குறைக்கிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. கசியும் பொருளே ரத்தத்தைக் காக்கவும் செய்தது. எனவே மாற்றுப்பொருள் தேடுவது இன்றுவரை எளிதாக இல்லை. உயிர்காக்கும் கருவியைப் பழிக்க இந்த வரலாறு இடம் தராது. அதில் எவ்வளவு கசிகிறது, எவர் உடலுக்குள் எவ்வளவு போகிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டிய கடமையை மட்டும் அது நம்மேல் சுமத்துகிறது.

3. ஆய்வகத்தின் உள்ளிருந்தே வந்த சாட்சிகள்

பால்டிமோரில் நிகழ்ந்தது போலவே பின்னும் மூன்று இடங்களில் நிகழ்ந்தது.

முதலாவது, பாஸ்டன். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் இருவரும் மனித மார்பகப் புற்றணுக்களை வளர்த்துவந்தனர். ஈஸ்ட்ரோஜன் இருந்தால் பெருகும், இல்லாவிட்டால் அடங்கியிருக்கும் அணுக்கள் அவை. 1980களின் இறுதியில், ஈஸ்ட்ரோஜன் சேர்க்காத தட்டுகளிலும் அவை பெருகத் தொடங்கின. மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்ததில், திரவத்தைச் சேமித்த நெகிழிக் குழாயே காரணம் என்று புலப்பட்டது. குழாயைச் செய்தவர்கள் கலவையை மாற்றியிருந்தார்கள். மாற்றியது என்னவென்று சொல்ல மறுத்தார்கள், வணிக இரகசியம் என்று. ஆய்வாளர்கள் தாமே பிரித்தெடுத்துக் கண்டறிந்த பொருள் நோனில்பினால். 1991 இல் அது வெளியாயிற்று.

இரண்டாவது, ஸ்டான்ஃபோர்டு. டேவிட் ஃபெல்ட்மனின் குழு, ஈஸ்ட் என்னும் நொதிப்பூஞ்சை தானே ஈஸ்ட்ரோஜனை உருவாக்குகிறதா என்று ஆராய்ந்தது. ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் கிடைக்கத்தான் செய்தது. ஆனால் ஈஸ்ட்டே இல்லாத வெறும் நீரிலும் கிடைத்தது. உயர் அழுத்த நீராவியில் தூய்மையாக்கிய பாலிகார்பனேட் குடுவைகளிலிருந்து பிஸ்பினால் ஏ கசிந்திருந்தது. ஏ. வி. கிருஷ்ணனை முதலாசிரியராகக் கொண்டு 1993 இல் இந்த ஆய்வு வெளியாயிற்று. நீரில் இருந்த அளவு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம், அதாவது நூறு கோடியில் சில பங்கு. அந்த அளவுக்கே வளர்ப்பணுக்கள் எதிர்வினை காட்டின.

மூன்றாவது, கிளீவ்லாந்து. 1998 ஆகஸ்டில் பட்ரீஷியா ஹன்ட் தம் ஆய்வகத்துப் பெண்ணெலிகளின் கருமுட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சோதனைக்கும் உட்படாத ஒப்பீட்டு எலிகளில், ஒன்றிரண்டு விழுக்காடாக இருக்க வேண்டிய குரோமோசோம் பிறழ்ச்சி 40 விழுக்காடாக உயர்ந்திருந்தது. தரையைக் கழுவும் கடும் காரச் சோப்புநீரால் பாலிகார்பனேட் கூண்டுகளையும் புட்டிகளையும் எவரோ தவறுதலாகக் கழுவியிருந்தார்கள். சிதைந்த நெகிழியிலிருந்து பிஸ்பினால் ஏ கசிந்து எலிகளுக்குள் போயிருந்தது. இதனை உறுதிப்படுத்தி அவர் வெளியிட்டது 2003 இல்.

இம்மூன்றும் தற்செயல்கள் என்றே பாடநூல்களில் சொல்லப்படுகின்றன. எனக்கு அவை வேறொன்றைச் சொல்கின்றன. மூன்று இடங்களிலும் அளவீட்டுக் கருவியாக நின்றது உயிருள்ள அணுவும் உயிருள்ள எலியும். அவை எதிர்வினை காட்டிய பிறகுதான் வேதியியல் கருவிகள் தேடத் தொடங்கின. அக்காலத்து வழக்கமான சோதனைகள் "கண்டறியப்படவில்லை" என்று எழுதியிருக்கக்கூடிய அளவை, உயிரணு கண்டறிந்துவிட்டது. ஹார்மோன்கள் இயல்பாகவே நூறு கோடியில் ஒரு பங்கிலும், அதனினும் மிகக் குறைந்த அளவிலும் செயல்படுபவை. அவற்றின் வேடமணிந்து வரும் பொருளைப் பிடிக்க, கருவியும் அந்த அளவுக்கு இறங்கியாக வேண்டும்.

4. ஒரு பெயர் பிறந்தது

1991 ஜூலையில் விஸ்கான்சினின் விங்ஸ்ப்ரெட் மாளிகையில் தியோ கோல்போர்ன் கூட்டிய கூட்டத்தில் 21 அறிஞர்கள் கலந்துகொண்டனர். பறவையியலார், மீனியலார், மருத்துவர், மானுடவியலார் என வெவ்வேறு துறையினர். தத்தம் துறையில் தனித்தனியே கண்டவை ஒரே நிகழ்வின் முகங்கள் என்று உணர்ந்து, அதற்கு ஒரு பெயரையும் அங்கே வைத்தார்கள். நாம் தமிழில் "நாளமில்லாச் சுரப்பிச் சீர்குலைப்பான்கள்" என்று எழுதுவது அதன் வழிவந்த பெயர்.

இந்தத் தமிழ்ப் பெயரில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. "ஹார்மோன்" என்ற சொல்லை 1905 இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் தம் சொற்பொழிவில் வழங்கியபோது, தூண்டியெழுப்புதல் என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து அதனைப் பெற்றார். அவருக்கு ஹார்மோன் என்பது ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்கு அனுப்பும் தூது. நம் சொல்லோ சுரப்பியின் அமைப்பை, அதாவது நாளம் இல்லாமையைக் குறிக்கிறது. அதனோடு "சீர்குலைப்பான்" என்பதைச் சேர்த்தால், இவ்வேதிப்பொருள் சுரப்பியைக் கெடுக்கிறது என்ற எண்ணம் வாசகருக்கு வருகிறது. நடப்பது பெரும்பாலும் அதுவன்று. சுரப்பி நலமாகவே இருக்கலாம். தூதுவன் வேடத்தில் வேறொருவன் வந்து பொய்ச்செய்தி சொல்கிறான். சுரப்பியைச் சோதித்து நலம் என்று சான்று தரும் மருத்துவரிடம் இந்தக் குற்றம் அகப்படாது. "பொய்த்தூதுப் பொருள்கள்" என்பது போன்ற ஒரு சொல் நமக்கு இருந்திருந்தால், மக்களிடம் விளக்குவது எளிதாக இருந்திருக்கும் என நினைக்கிறேன். இதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

5. அட்லாண்டாவின் தீர்வு

பெயர் கிடைத்த பிறகு, அளவு வேண்டியிருந்தது. சாதாரண மக்களின் உடலில் எவ்வளவு இருக்கிறது? இங்கே அளப்போர் ஒரு சுவரில் மோதினார்கள். தாலேட்டும் பிஸ்பினால் ஏயும் ஆய்வகம் எங்கும் இருந்தன. ரத்தம் எடுக்கும் குழாயில், சேமிக்கும் புட்டியில், கையுறையில், காற்றின் தூசியில். மாதிரியில் தாலேட் இருக்கிறது என்று கருவி சொன்னால், அது மனிதரிடமிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா? தொடக்ககால அளவீடுகள் பலவற்றின் நம்பகத்தன்மை இந்த ஐயத்தால் குலைந்தது. இம்முறை கருவி "இருக்கிறது" என்று சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாத நிலை.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்லாண்டா ஆய்வகம் இதற்குக் கண்ட வழி எளிமையானது, அதனாலேயே அழகானது. தாலேட் உடலுக்குள் நுழைந்ததும் நொதிகள் அதன் இரு கைகளில் ஒன்றை வெட்டிவிடுகின்றன. எஞ்சும் ஒற்றைக்கைப் பொருள் சிறுநீரில் வெளியேறுகிறது. நெகிழியில் இருப்பது இருகைப் பொருள். ஒற்றைக்கைப் பொருள் உடலில் பிறப்பது. எனவே தாலேட்டைத் தேடுவதை விடுத்து, உடல் அதனைக் கையாண்டதற்கான தடயத்தைத் தேடினார்கள். பென் பிளவுன்ட் குழுவினர் 289 பேரின் சிறுநீரை இவ்வாறு அளந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதுவரை பெரிதாகக் கவனிக்கப்படாத ஒரு தாலேட்டின் தடயம், கருவுறும் வயதுப் பெண்களிடம் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது. அழகுசாதனப் பொருள்களின் மீது ஐயம் எழுந்தது இதன் பின்னரே.

ரத்தத்தில் இந்த உத்தி அப்படியே செல்லுபடியாகவில்லை. ரத்தத்தில் உள்ள நொதிகள், குழாயிலிருந்து கசிந்த தாலேட்டையும் வெட்டி, ஒற்றைக்கைப் பொருளாக்கிவிடும். ரத்தம் எடுத்தவுடன் அமிலம் சேர்த்து நொதிகளை அடக்க வேண்டும் என்று கண்டார்கள். சிறுநீர் இவ்வகை ஆய்வுகளின் முதன்மை மாதிரியானதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு கருவி, அடையாளமிட்ட மூலக்கூறு. கனமான கார்பனோ கனமான ஹைட்ரஜனோ கொண்டு அதே பொருளைச் செய்து, அறிந்த அளவில் மாதிரியோடு கலந்துவிடுவார்கள். தயாரிப்பின் பல படிகளில் எவ்வளவு இழப்பு நேர்ந்தாலும், இரண்டும் ஒரே விகிதத்தில் இழக்கப்படும். இறுதியில் நிறைமானி இரண்டையும் பிரித்துக் காட்டும்போது, அறிந்ததைக் கொண்டு அறியாததைக் கணக்கிடலாம். வூர்ட்ஸ்பர்க் நகரில் வோல்ஃப்காங் ஃபோல்கல் குழுவினர் இதனை ஒரு படி மேலே கொண்டுசென்றார்கள். கன ஹைட்ரஜன் கொண்ட பிஸ்பினால் ஏயையே 5 மில்லிகிராம் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். இனிக் குழாயிலிருந்து எவ்வளவு கசிந்தாலும் கவலையில்லை. கனமானது மட்டுமே மனிதர் விழுங்கியது. 2002 இல் வெளியான அந்த ஆய்வின்படி, கல்லீரல் அதனை விரைந்து சர்க்கரை அமிலம் ஒன்றோடு பிணைத்துச் சிறுநீரில் அனுப்பிவிட்டது. ஒரு நாளுக்குள் ஏறத்தாழ முழுவதும் வெளியேறியது.

அப்படியானால் அது நம் உடலில் மிகக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? 2003–04 இல் எடுக்கப்பட்ட அமெரிக்க மக்கள்தொகை மாதிரிகளில், 2,517 பேரில் 92.6 விழுக்காட்டினரின் சிறுநீரில் பிஸ்பினால் ஏ இருந்ததாக அந்தோனியா கலாஃபட் குழுவினர் 2008 இல் அறிவித்தனர். ஒரு நாளில் போய்விடும் பொருள் ஏறத்தாழ எல்லோரிடமும் எப்பொழுதும் இருக்கிறது என்றால், எல்லோருக்குள்ளும் அது நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது என்றே பொருள். ஓட்டைக் குடம் எப்பொழுதும் ஈரமாக இருந்தால், எவரோ ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

அதே ஆய்வகம் 2009 இல் வெளியிட்ட மற்றோர் அளவீடு மனத்தைத் தைக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குறைமாதக் குழந்தைகள் 42 பேரின் சிறுநீரில் பிஸ்பினால் ஏ அளவு பொதுமக்களைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு. குழாய்களாலும் பைகளாலும் உயிர் காக்கப்படும் அந்தக் குழந்தைகளின் கல்லீரல், அப்பொருளைப் பிணைத்து வெளியேற்றும் திறனை இன்னும் முழுமையாகப் பெற்றிராதது. மிக அதிகமாகப் பெறுபவரும் மிகக் குறைவாகத் தாங்கக்கூடியவரும் ஒருவராகவே இருக்கிறார்.

6. ரத்தத்தின் மீதான வழக்கு

சிறுநீரில் இருப்பது பிணைக்கப்பட்ட, செயலற்ற வடிவம். ஹார்மோன் வேடமணியும் வலிமை பிணைக்கப்படாத வடிவத்துக்கே உண்டு. அது ரத்தத்தில் இருக்கிறதா? இவ்வினாவின் மீது இரு தரப்பாரும் பத்தாண்டுகளுக்கு மேல் மோதினர்.

ஒரு தரப்பு பல பத்து ஆய்வுகளை எடுத்துக்காட்டியது. பெர்லினில் கில்பர்ட் ஷோன்ஃபெல்டர் குழுவினர் 37 பெண்களிடம் நடத்தி 2002 இல் வெளியிட்ட ஆய்வு, தாயின் ரத்தத்திலும் கருவின் ரத்தத்திலும் நஞ்சுக்கொடித் திசுவிலும் பிணைக்கப்படாத பிஸ்பினால் ஏயைக் கண்டது. மறு தரப்பு, உடலியக்கக் கணக்கின்படி அவ்வளவு இருக்கவே முடியாது, நீங்கள் அளந்தது உங்கள் குழாயைத்தான் என்றது. ஜஸ்டின் டீகார்டன் குழுவினர் 2011 இல், 20 தன்னார்வலர்களுக்கு டப்பா உணவு மிகுந்த ஒரு நாள் உணவைக் கொடுத்து மணிக்கணக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான மாதிரிகளில் கருவியின் எல்லைக்குக் கீழேதான் இருந்தது. இரு தரப்பினருக்கும் இடையே வழக்கைத் தீர்க்க, அமெரிக்கச் சுற்றுச்சூழல் நலவியல் நிறுவனத்தின் ஆதரவில், என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஒரே மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிச் சோதித்தார்கள். கவனமாகச் செயல்பட்டால் மாசின்றி அளக்க முடியும் என்று 2014 இல் வெளியான முடிவு காட்டியது. ஆனால் பழைய அளவீடுகளுள் எவை கவனமாகச் செய்யப்பட்டவை என்ற வினாவுக்கு அது விடை ஆகாது.

வழக்கு எதிர்ப்பக்கமாகவும் திரும்பியது. சிறுநீரில் பிணைக்கப்பட்ட வடிவத்தை அளக்க, ஆய்வகங்கள் ஒரு நொதியால் பிணைப்பை வெட்டி, விடுபட்ட பிஸ்பினால் ஏயை அளப்பது வழக்கம். ராய் கெரோனா, ஃபிரெடரிக் வோம் சால் ஆகியோருடன் முன்பு கண்ட அதே பட்ரீஷியா ஹன்ட், 2019 இறுதியில் ஓர் ஆய்வை வெளியிட்டார். வெட்டாமல் நேரடியாக அளந்தபோது, கருவுற்ற பெண்களின் மாதிரிகளில் ஏறத்தாழ 19 மடங்கு மிகுதியாகக் கிடைத்தது. நொதி முழுமையாக வெட்டவில்லை என்பது அவர்கள் வாதம். இம்முடிவு கடும் விவாதத்தைக் கிளப்பியது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று தெளிவு: முதல் வழக்கில் இல்லாததைக் கண்டதாக ஐயம், இரண்டாம் வழக்கில் இருந்ததைக் காணாததாக ஐயம். ஒரே பொருள், ஒரே தலைமுறை ஆய்வாளர்கள்.

இதே பழைய வழக்கு இன்று புதிய பெயரில் நடக்கிறது. நெகிழியின் நுண்துகள்களை நஞ்சுக்கொடியில் 2021 இலும், ரத்தத்தில் 2022 இலும், மூளைத் திசுவில் 2025 இலும் கண்டதாக ஆய்வுகள் வந்தன. திசுவைச் சூட்டில் சிதைத்து அளக்கும் முறையில், உடற்கொழுப்பும் பாலிஎத்திலீன் போலவே சமிக்ஞை தரக்கூடும் என்ற எதிர்ப்பு உடனே எழுந்தது. மூளையோ கொழுப்பு மிகுந்த உறுப்பு. "மூளைக்குள் ஒரு கரண்டி நெகிழி" என்ற தலைப்புச் செய்தியைப் பகிர்வோரும், அது பொய் என்று சிரிப்போரும் 1970 இலிருந்து 2014 வரை நடந்ததை ஒருமுறை வாசிப்பது நலம். ஓர் அளவீடு பிழையாகலாம் என்பதால் பொருள் இல்லை என்றாகாது. பொருள் இருக்கலாம் என்பதால் அந்த அளவீடு சரி என்றும் ஆகாது.

7. எண் சட்டமானபோது

அளவீட்டின் நுணுக்கங்கள் நேரே சட்டத்துக்குள் போகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 இல் ஒருவர் நாளொன்றுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் பிஸ்பினால் ஏ வரை உட்கொள்ளலாம் என்றது. 2023 இல் அதே ஆணையம் அந்த எல்லையை 0.2 நானோகிராமாகக் குறைத்தது. இருபதாயிரம் மடங்கு. விலங்குகளின் நோயெதிர்ப்பு அமைப்பில் கண்ட விளைவுகளே அதன் அடிப்படை. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இக்கணக்கை ஏற்கவில்லை. ஆயினும் 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவைத் தொடும் பொருள்களில் பிஸ்பினால் ஏயைத் தடைசெய்தது. எட்டே ஆண்டுகளில் பாதுகாப்பான அளவு இருபதாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் துறையில், "எல்லைக்குள் இருக்கிறது" என்ற சொல்லை எவ்வளவு எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவில், 2015 இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் குழந்தைகளுக்குப் பாலூட்டும் புட்டிகளில் பாலிகார்பனேட்டை விலக்கியது. நல்ல தொடக்கம். ஆனால் நம் மக்கள் உடலில் எவ்வளவு இருக்கிறது? தமிழ்நாட்டில் பயின்று, ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, நியூயார்க் மாநில ஆய்வகத்தில் பணியாற்றிய குருந்தாசலம் கண்ணன் குழுவினர், 2011 இல் இந்தியா உள்ளிட்ட ஏழு ஆசிய நாட்டு மக்களின் சிறுநீரில் தாலேட் தடயங்களையும் பிஸ்பினால் ஏயையும் அளந்து வெளியிட்டார்கள். பெரும்பாலான மாதிரிகளில் அவை இருந்தன. இத்தகைய சிறு ஆய்வுகள் அங்கங்கே உள்ளன. அமெரிக்காவில் நடப்பது போல, நாடெங்கும் ஆயிரக்கணக்கானோரிடம் தொடர்ந்து மாதிரி எடுத்து, ஆண்டு வரிசையில் பொதுவில் வெளியிடும் தேசியத் திட்டம் நம்மிடம் இல்லை.

அதனால் நம் நிலையைச் சொல்ல, தொடக்கத்தில் சொன்ன இரு சொற்களும் போதா. "இல்லை" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. "காணவில்லை" என்று சொல்லவும் உரிமையில்லை. அது தேடியவர் சொல்லும் சொல். நமக்கு இப்போதைக்குப் பொருந்துவது "தேடவில்லை" என்பதே.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். வேதியியலாளர் செய்ய வேண்டியவற்றை அவர்கள் அறிவார்கள். சொல்லோடு வாழும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பொருள் உடலில் இருப்பதாகவோ இல்லை என்றோ தமிழில் எழுதும்போது, மூன்று செய்திகளை உடன் எழுதுவோம்: கருவி காணக்கூடிய மிகக் குறைந்த அளவு எவ்வளவு, வெற்று மாதிரியிலும் அப்பொருள் வந்ததா என்று பார்த்தார்களா, அளந்தது மூலப்பொருளையா, உடல் விட்ட தடயத்தையா. ஒரு செய்திக்குறிப்பில் இதற்கு இரண்டு வரி போதும். மொழிபெயர்ப்பாளர்களும் இதழாளர்களும் இந்தப் பக்கத்தில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தில் இது இயலுமா, எங்கே தடுக்கிறது என்று எழுதுங்கள். விவாதிப்போம்.